வேலியோரம்: வெள்ளைக் கொழிஞ்சியா? பூவை விடுங்க, இலையைக் கிழிச்சுப் பாருங்க!

கடம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி மூன்று போட்டோக்கள் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு.

"ஸ்டேஷனுக்குப் போற வழியில கல்லு நட்டுப் போட்டிருக்கற காலி மனையில இந்தச் செடி நாலஞ்சு நிக்குதுங்க. பூ வெள்ளையா இருக்கு. எங்க மாமியாருக்கு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு. பக்கத்து வீட்டு அக்கா, 'இதுதான் வெள்ளைக் கொழிஞ்சி, லேசுல கிடைக்காது, வேரோட பிடுங்கியாந்து கஷாயம் வச்சுக் குடு'ன்னு சொல்றாங்க. இது அதுதானா? குடுக்கலாமா?"

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. முதல் கேள்விதான் சுவாரசியமானது. ஏனென்றால் 'வெள்ளைக் கொழிஞ்சி' என்று கைகாட்டப்படுகிற செடி ஒன்றல்ல.

முதலில் சாதாரணக் கொழிஞ்சி. விவசாயக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். யூரியா மூட்டை வருவதற்கு முன்னால் நெல் வயலுக்கு உரம் என்றால் அதில் கொழிஞ்சித் தழைக்குப் பெரிய பங்கு உண்டு. ஏரிக்கரையிலும் மேட்டு நிலத்திலும் தானாக வளர்ந்து கிடப்பதை அறுத்து வந்து, சேற்றில் போட்டு மிதிப்பார்கள். ஒரு போகம் மட்டும் விளைகிற வயலில் நெல் அறுப்புக்கு முன்பே விதையைத் தூவிவிடுவதும் உண்டு. அறுவடை முடிந்த பிறகு வெயிலில் அது பாட்டுக்கு வளரும். மாடு அவ்வளவாக வாய் வைக்காது. அடுத்த நடவுக்கு முன் மடக்கி உழுதால் போதும். ஒருமுறை விதைத்த வயலில் உதிர்ந்த விதையே அடுத்த வருடம் முளைத்துக்கொள்ளும்.

கொள்ளுக்காய் வேளை என்றும் இதற்குப் பெயர். காய் கொள்ளுக்காய் மாதிரி இருப்பதால் வந்த பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்கள் காவிளாய் என்பார்கள். அவரை, துவரை, உளுந்து எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கிற பாக்டீரியா, காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். வேலை செய்கிற முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமோகுளோபினின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று அதற்குள் இருக்கிறது. அதுதான் காரணம்.

இதன் அறிவியல் பெயர் டெஃப்ரோசியா பர்ப்யூரியா. லின்னேயஸ் 1753-ல் வேறொரு இனத்தில் சேர்த்துப் பெயரிட்டார். 1807-ல் பெர்சூன் என்பவர் இப்போதைய பெயருக்கு மாற்றினார். டெஃப்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சாம்பல் நிறம். இலையில் படிந்திருக்கிற மெல்லிய ரோமத்தால் செடி லேசாகச் சாம்பல் பூத்த மாதிரி தெரியும் இல்லையா, அதற்காக. பர்ப்யூரியா என்றால் ஊதா.

ஆமாம், ஊதா. வழக்கமாகக் கொழிஞ்சிப் பூ ஊதா அல்லது ரோஜா கலந்த ஊதா நிறம்தான். பிறகு வெள்ளை எங்கிருந்து வந்தது?

ஊதா போனால் வெள்ளை

பூவின் ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. அதைத் தயாரிக்கிற வேலையில் மரபணுவில் ஏதோ ஓரிடத்தில் தடை விழுந்தால் பூ வெளுத்துவிடும். உங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்திருப்பீர்கள். நித்தியகல்யாணியில் ரோஸ் ஒன்று, வெள்ளை ஒன்று. சங்குப்பூவில் நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. நிறம்தான் வேறு, செடி அதே செடி. கொழிஞ்சியிலும் அப்படித்தான், ஊதாக் கூட்டத்துக்கு நடுவில் வெளிறிப் பூக்கிற செடியும் உண்டு.

நம் ஊரில் வெள்ளை என்றாலே தனி மரியாதை. வெள்ளெருக்கு, வெண்தூதுவளை, வெண்கண்டங்கத்திரி என்று பட்டியல் நீளும். அபூர்வமானது என்பதால் சக்தி அதிகம் என்று ஒரு நம்பிக்கை. சக்தி அதிகம் என்பதால் விலை அதிகம். விலை அதிகம் என்பதால் கண்ட இடத்தில் பிடுங்கிவிடுகிறார்கள். பிறகு அது இன்னும் அபூர்வமாகிறது! நிறமி இல்லாமல் போனதாலேயே மருந்துச் சக்தி கூடிவிடும் என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வெள்ளைப் பூ என்பது அடையாளமே அல்ல. அதை ஓரமாக வைத்துவிட்டுச் செடியைப் பார்ப்போம்.

கறிவேப்பிலையா, புளியிலையா?

ஒரு கறிவேப்பிலை ஈர்க்கைக் கையில் எடுங்கள். நுனியில் தனியாக ஒரு இலை முடிவாக நிற்கும். புளியிலையில் அப்படி இருக்காது. கடைசி வரை ஜோடி ஜோடியாகவே போய் முடிந்துவிடும். கொழிஞ்சி கறிவேப்பிலைக் கட்சி. நுனியில் ஒற்றை இலை கண்டிப்பாக உண்டு. எண்ணிப் பார்த்தால் பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து என்று ஒற்றைப்படையில் வரும்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன்றிமணிக் கொடி இளசாக இருக்கும்போது சிலர் குழம்பிப்போவார்கள். அது புளியிலைக் கட்சி, நுனி ஒற்றை இலை இருக்காது. குன்றிமணி விதையில் இருக்கிற ஆப்ரின் கொடிய விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

அடுத்து, இந்தக் கட்டுரையின் கதாநாயகனான சோதனை. ஒரு சிற்றிலையைப் பறித்து, இரு கை விரல்களாலும் நுனியையும் அடியையும் பிடித்து மெதுவாக இழுங்கள். மற்ற இலை என்றால் கோணல்மாணலாகக் கிழியும். கொழிஞ்சி இலை அம்பு முனை மாதிரி, இரண்டு பக்கமும் சாய்கோடாக, வெட்டி எடுத்தாற்போல் பிரியும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே சாய்வில் ஓடுவதால் கிழிசல் அந்தத் தடத்திலேயே போகிறது.

இது இன்றைக்கு யாரோ கண்டுபிடித்த வித்தை இல்லை. வடமொழி மருத்துவ நூல்களில் இந்தச் செடிக்குப் பெயரே சரபுங்கா. சரம் என்றால் அம்பு, புங்கம் என்றால் அம்பின் இறகு கட்டிய அடிப்பக்கம். கிழிந்த இலையைப் பார்த்து வைத்த பெயர். பெயர் வைத்தவர் பூ நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை பாருங்கள்!

இந்தச் சோதனையில் தோற்றுப்போகிற செடி அவுரி. நீலச்சாயம் எடுப்பார்களே, அதுதான். தூரத்திலிருந்து பார்த்தால் கொழிஞ்சிக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். அதன் பூ இளஞ்சிவப்பு. வெயிலில் வெளுத்து நிற்கும்போது வெள்ளை என்று நினைத்துவிடலாம். அவுரி இலை இப்படி அம்பாகக் கிழியாது.

இலையைக் கிழிக்க மனமில்லையா? பூங்கொத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலான செடிகளில் இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கிலிருந்துதான் பூங்கொத்து வரும். அவுரியிலும் அப்படித்தான். கொழிஞ்சியில் இலை ஒரு பக்கம் என்றால், பூங்கொத்து தண்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பும். இலையும் கொத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது.

காய் சொல்கிற செய்தி

கடம்பத்தூர் வாசகியிடம் இலையைக் கிழித்துப் பார்க்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. "அம்பு மாதிரியே கிழிஞ்சுதுங்க!" ஆக டெஃப்ரோசியா இனம் என்பதில் சந்தேகமில்லை. பூங்கொத்தும் இலைக்கு எதிரில்தான் இருந்தது.

ஆனால் இந்தக் கிழிசல் இனத்தைத்தான் சொல்லும். எந்தக் கொழிஞ்சி என்று சொல்லாது. அதற்குக் காய் வேண்டும். அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். பார்த்தவுடன் விஷயம் புரிந்தது.

சாதாரணக் கொழிஞ்சிக் காய் தட்டையாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்தில், நுனி மட்டும் லேசாக மேலே வளைந்திருக்கும். மேலே ரோமம் இருந்தாலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவர் அனுப்பிய காயோ வெல்வெட் துணி சுற்றியது போல வெள்ளை ரோமம் அடர்ந்து, நன்றாக வளைந்து இருந்தது. இலையின் அடிப்பக்கமும் பட்டு மாதிரி வெளுப்பு. இது டெஃப்ரோசியா வில்லோசா. வில்லோசா என்றால் ரோமம் நிறைந்தது என்று அர்த்தம். இதன் பூ வெளிறிய ஊதாவிலிருந்து வெள்ளை வரை இருக்கும். கொழிஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரி, ஆனால் கொழிஞ்சி அல்ல.

அப்படியானால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது தப்பா? அவசரப்பட வேண்டாம். ஆயுர்வேதத்தில் சரபுங்காவில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு வகை சொல்கிறார்கள். அதில் வெள்ளைச் சரபுங்கா என்பது இந்த ரோமக்காய்ச் செடிதான் என்று அடையாளம் காண்கிறவர்கள் உண்டு. ஆக, ஊதாக் கொழிஞ்சியே வெள்ளையாகப் பூத்தாலும் 'வெள்ளைக் கொழிஞ்சி', இந்தச் சகோதரியும் 'வெள்ளைக் கொழிஞ்சி'. பெயர் ஒன்று, ஆள் இரண்டு. போதாக்குறைக்கு, டெஃப்ரோசியா பூமிலா என்று தரையோடு படர்கிற குட்டி ஒன்று இருக்கிறது. தண்டில் நீட்டிக்கொண்டிருக்கிற ரோமமும், கொத்துக்கு ஓரிரண்டு வெள்ளைப் பூவுமாகப் புல்லுக்குள் ஒளிந்திருக்கும்.

தேயிலைத் தோட்டப் பக்கம் போனால் இன்னொன்றும் பார்க்கலாம். டெஃப்ரோசியா கேண்டிடா. கேண்டிடா என்றாலே வெள்ளை. இமயமலை அடிவாரத்தைச் சேர்ந்த இது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். தேயிலைக்குத் தழையுரமாகவும் மண் அரிக்காமல் இருப்பதற்காகவும் அஸ்ஸாமிலும் இலங்கையிலும் துரைமார் காலத்தில் நட்டார்கள். கடம்பத்தூர் காலி மனையில் அது தானாக வந்து முளைக்க வாய்ப்பில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

செல்போன் செயலியில் பூவைக் காட்டினால் பெயர் சொல்லிவிடுமே என்பீர்கள். சொல்லும்தான். காயும் இலையின் அடிப்பக்கமும் தெரியாத படத்தைக் கொடுத்தால் அதுவும் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். யாரிடம் அனுப்பினாலும் முழுச் செடி ஒன்று, இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூங்கொத்து தண்டோடு சேருகிற இடம், காய் என்று ஐந்து படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவும் தெரிந்துவிடும்.

கஷாயம் விஷயம்

கொழிஞ்சி சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் காலங்காலமாக இருக்கிற மூலிகை. மண்ணீரல், கல்லீரல் கோளாறுகளுக்குச் சொல்லப்படுவது. மண்ணீரல் நோய்க்குப் பகைவன் என்ற பொருளில் ப்ளீஹசத்ரு என்று ஒரு பெயரே இதற்கு உண்டு. இதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இந்த இனத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. டெஃப்ரோசியா செடிகள் பலவற்றில் ரோட்டினாய்டு என்ற வகைப் பொருள்கள் உண்டு. மீனுக்கும் பூச்சிக்கும் அவை விஷம். ஆப்பிரிக்காவில் வோகேலி என்ற வகையின் இலையை இடித்துத் தண்ணீரில் கலந்து, மயங்கி மிதக்கிற மீனைப் பிடிப்பார்கள். அமெரிக்கப் பழங்குடிகள் வர்ஜீனியானா என்ற வகையின் வேரை இதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். எந்த வகையில், எந்தப் பாகத்தில், எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். வகை எது என்பதிலேயே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, ஏற்கெனவே கல்லீரல் சரியில்லாதவருக்கு வேரைக் காய்ச்சிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அதோடு இடத்தையும் பாருங்கள். காலி மனையில் களைக்கொல்லி அடித்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதிகளில் சாலையோர மண்ணில் என்னவெல்லாம் இறங்கியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே வளர்ந்த வேர் நமக்கு வேண்டாம்.

மாமியாரை மருத்துவரிடமே தொடர்ந்து காட்டுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்கும் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கடம்பத்தூரில் ரயில் ஏறினால் ஒரே நாளில் போய்வந்துவிடலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டையும், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை

அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்கிற பெரும் புல்வெளிகள் இருந்தன. அங்கேயும் அவரைக் குடும்பத்தில் ஒரு வெள்ளைப் பூச்செடி உண்டு, வெள்ளை பிரெய்ரி க்ளோவர். டேலியா கேண்டிடா என்று பெயர். கூடவே ஊதாவில் டேலியா பர்ப்யூரியா. பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்தீர்களா? இரண்டும் வருடா வருடம் அதே வேரிலிருந்து துளிர்க்கிறவை. பூக்காத காலத்தில் எப்படி வித்தியாசம் காண்கிறார்கள் என்றால், சிற்றிலையை எண்ணித்தான். வெள்ளையில் ஐந்து முதல் ஒன்பது வரை இருக்கும். ஊதாவில் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து, அதுவும் ஊசி மாதிரி ஒல்லியாக. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய வெள்ளை ஸ்வீட் க்ளோவரோடு குழப்பிக்கொள்கிறவர்களுக்கும் அங்கே அதே அறிவுரைதான். மூன்றே சிற்றிலை என்றால் அது வந்தேறி.

அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி உழவுக்குப் போய்விட்டது. இலினாய் மாநிலத்தில் ஒரு சதவீதம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் பல துண்டுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும். கலப்பை போகாத இடங்கள் அவைதான்.

கடம்பத்தூரை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. ஊர்ப் பெயரிலேயே கடம்ப மரம். கூவம் ஆறு புறப்படுகிற கூவம் கிராமம் இந்தப் பக்கம்தான். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் இதெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம், ஏரிகளுக்குப் பேர் போனது. ஏரி இருந்தால் கரை இருக்கும், கரை இருந்தால் கொழிஞ்சி இருக்கும். இப்போது வயலெல்லாம் மனையாகிக் கல் நட்டாயிற்று. ஆனால் வீடு வரும் வரைக்கும் அந்த மனையில் யாரும் உழுவதில்லை. அதனால்தான் அந்த வாசகி கண்ணுக்கு நாலைந்து செடியாவது பட்டது. (செடி பார்க்கிற ஆசையில் தண்டவாளப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.)

வேரை விடுங்கள், விதையை எடுங்கள்

கொழிஞ்சி வகைகள் ஒரு பருவத்தோடு முடிகிற செடிகள் இல்லை. அடித்தண்டு கட்டையாகி, ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். கோடையில் மேலே காய்ந்து சருகானாலும், மழை பெய்ததும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். தழையை அறுத்தாலும் மறுபடி வளரும். வேரைப் பிடுங்கினால்தான் கதை முடிந்தது. மருந்துக்கென்று பிடுங்குகிறவர்கள் கேட்பதோ அந்த வேரைத்தான். அதனால் வாசகிக்கு நான் சொன்னது, அந்த மனையில் இருக்கிற செடியைத் தொடாமல், காயை மட்டும் பறித்து வாருங்கள் என்று.

காய் பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை முளைக்காது. பழுப்பாகி, குலுக்கினால் சத்தம் கேட்கிற பருவத்தில் எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்துவிட்டால் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். ஆகவே ஒரு பழைய துணிப் பையைக் கொத்தின் மேல் மாட்டிக் கட்டிவிடுங்கள்.

விதைத் தோல் கெட்டி. அப்படியே போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மாதக்கணக்கில் கல் மாதிரி கிடக்கும். விவசாயிகள் கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைப்பார்கள். வீட்டில் பத்து இருபது விதைதான் என்றால் உப்புத் தாளில் லேசாக உரசினால் போதும். இன்னொரு வழி, 55 டிகிரி சூட்டில் உள்ள வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுப்பது. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெந்துவிடும்.

ஊதாக் கொழிஞ்சியிலேயே வெள்ளையாகப் பூத்த செடியின் விதை உங்களுக்குக் கிடைத்தால், அத்தனையும் வெள்ளையாகவே பூக்கும் என்று உறுதி கிடையாது. தேனீ பக்கத்து ஊதாச் செடியிலிருந்து மகரந்தம் கொண்டுவந்திருக்கலாம். ஊதாவாகப் பூத்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தென்னை, முருங்கை, மாமரம் எதன் அடியிலாவது விட்டுவைத்து, பூக்கிற சமயம் தழையை அறுத்து மண்ணில் புதையுங்கள். தொட்டியில் வளர்ப்பதென்றால் ஆழமான தொட்டியாக, மணல் கலந்த மண்ணாக, வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும்.